பின்லேடனின் ஓட்டுநருக்குக் கிடைத்த வழக்கறிஞர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் குவாண்டனாமோ ராணுவச் சிறையில் இருந்த கைதி ஒருவருக்காக வாதாடிய அமெரிக்கக் கடற்படை வழக்கறிஞர் சார்லஸ் ஸ்விஃப்ட் பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். சேலம் நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்குகளை நடத்திவருபவன் நான். கட்டுரை அவருடைய துணிச்சலைப் புகழ்ந்ததோடு நின்றுவிட்டது எனக்குக் குறையாகப்படுகிறது.

ஸ்விஃப்டிடம் 2003இல் ஒப்படைக்கப்பட்ட கட்சிக்காரர் சலீம் ஹம்தான். ஏமன் நாட்டவர், ஒசாமா பின்லேடனின் கார் ஓட்டுநர். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி பேசி முடிப்பதாக இருந்தால்தான் கைதியைச் சந்திக்கலாம் என்ற நிபந்தனையோடு அந்தப் பொறுப்பு வந்ததாக, ஸ்விஃப்ட் பின்னாளில் செனட் குழு முன் சாட்சியம் அளித்தார். மேலிடம் எதை விரும்புகிறது என்பது சீருடை அணிந்த அதிகாரிக்குப் புரியாமல் இருக்காது. அப்படியிருந்தும் 2004இல் ஹம்தானுக்காகத் தம் பெயரிலேயே மனு போட்டு, பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டை எதிர்மனுதாரர் ஆக்கினார். குற்றம் சாட்டப்பட்டவரை வெளியே நிறுத்திவிட்டு, அவருக்கு எதிரான சாட்சியத்தை அவருக்கே காட்டாமல் விசாரிக்கலாம் என்று, குவாண்டனாமோ கைதிகளை விசாரிக்க அமைக்கப்பட்ட ராணுவ ஆணையங்களின் விதி இருந்தது. 2006 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் அந்த ஆணையங்கள் செல்லாது என்றது. போரில் பிடிபட்டவர்களை மனிதத்தன்மையோடு நடத்தச் சொல்லும், 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்களின் பொதுவான 3ஆம் பிரிவு ஹம்தானையும் காக்கும் என்றது. அதே ஆண்டில் ஸ்விஃப்டின் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. கடற்படையை விட்டு அவர் வெளியேற நேர்ந்தது.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒருவர் உண்டு. நெருக்கடி நிலையில், விசாரணையின்றி அடைக்க வழிசெய்த மிசா சட்டத்தின் கைதிகள், தங்கள் காவலை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கும் ஆட்கொணர்வு மனுவைப் போட முடியாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். மறு ஆண்டே அவரைத் தாண்டி இளையவர் ஒருவர் தலைமை நீதிபதி ஆனார். கன்னா பதவி விலகினார்.

நான் சொல்ல வந்தது இந்த இருவரின் தியாகத்தைப் பற்றியன்று. ஸ்விஃப்ட் எவ்வளவு துணிந்தவராக இருந்தாலும், கைதிக்கு ஒரு ராணுவ வழக்கறிஞர் தரப்பட வேண்டும் என்று அந்த ஆணையங்களின் விதியே சொல்லியிருக்காவிட்டால் அவரால் ஹம்தானின் அறைக்குள் நுழைந்திருக்க முடியாது. அத்தனை கோணலான விதிகளுக்கு நடுவிலும் அந்த ஒரு கதவு திறந்திருந்தது. இங்கே, போர் இல்லாத காலத்தில், அந்தக் கதவும் மூடியிருக்கிறது.

கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு தருகிறது. அதே பிரிவின் 3ஆம் உட்பிரிவு, தடுப்புக் காவலில், அதாவது இனி குற்றம் செய்யக்கூடும் என்று முன்கூட்டியே அடைத்து வைக்கப்பட்டவருக்கு அது பொருந்தாது என்கிறது. குண்டர் தடுப்புச் சட்டத்தில் மாநகரில் போலீஸ் கமிஷனரோ மாவட்டத்தில் ஆட்சியரோ கையெழுத்திட்டால் ஒருவரை 12 மாதம் வரை விசாரணையின்றி வைத்திருக்கலாம். ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வாதாட உரிமை இல்லை. வழக்கறிஞர் அல்லாத நண்பர் ஒருவர் உதவலாம், அவ்வளவுதான். அந்த நண்பர் பெரும்பாலும் யார்? கைதியின் தாய், மனைவி. ஆணையோடு கட்டுக்கட்டாகத் தரப்படும் நகல்களில் எது தெளிவில்லாதது, எதற்குத் தமிழாக்கம் இல்லை, மனுவைப் பரிசீலிக்க அரசு ஏன் தாமதித்தது என்று அவர்கள் எப்படி எடுத்துச்சொல்வார்கள்? இதே குறைகளைக் காட்டித்தான் உயர் நீதிமன்றத்தில் நாங்கள் ஆணைகளை ரத்து செய்ய வைக்கிறோம். ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்குள் மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

ரவுடிகளால் மாமூல் கேட்டு மிரட்டப்பட்ட வணிகர்களின் வழக்குகளையும் நடத்தியிருக்கிறேன். அவர்களுடைய பயம் பொய்யில்லை. மிரட்டியவர் மீது சாட்சியோடு வழக்கு நடத்தித் தண்டனை வாங்கித் தருவதே அவர்களுக்குப் பாதுகாப்பு. ஓராண்டு அடைத்து வைத்துவிட்டு, மூல வழக்கைத் தூங்கவிடுவதால் அவர்களுக்கு என்ன பயன்?

விசாரணையற்ற காவல் இந்த ஊருக்குப் புதிதன்று. எங்கள் நீதிமன்றம் இருக்கும் அதே அஸ்தம்பட்டியில்தான் மத்திய சிறையும் இருக்கிறது. 1950 பிப்ரவரி 11 அன்று, குடியரசாகி மாதம் ஒன்று நிறைவதற்குள், சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அதே மாத இறுதியில் நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது.

நெருக்கடி நிலையில் பட்டபின் 1978இல் நாடாளுமன்றம் 44ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதன் 3ஆம் பிரிவு, அறிவுரைக் கழகத்தின் கருத்தைப் பெறாமல் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கிறது. கழகத்தின் தலைவர் பணியிலுள்ள உயர் நீதிமன்ற நீதிபதியாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவு மட்டும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். கட்சி வேறுபாடின்றித் தமிழக எம்.பி.க்கள் அதற்கான தேதியை அவையில் கேட்க வேண்டும். அறிவுரைக் கழகத்தில் வழக்கறிஞரை அனுமதிக்க மாநில அரசு தன் சட்டத்தைத் திருத்த வேண்டும். தங்கள் இதழ் இதைத் தலையங்கமாக எழுதினால் எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் அதை முன்வைத்துத் தீர்மானம் கொண்டுவர முயல்வேன்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்