புத்தகப் பட்டியலோடு வாசலையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை, ஜனவரிப் புத்தகக் காட்சி, நவம்பரில் நூலக வார விழா என்று ஆண்டுக்கு மூன்று நான்கு முறை 'கட்டாயம் படிக்க வேண்டிய நூல்கள்' பட்டியல் உங்கள் நாளிதழில் வருகிறது. அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளை நூலகத்துக்கு வருபவர்கள் பலர். அவர்களில் கணிசமானோர் இரண்டு வாரம் கழித்து, முப்பதாம் பக்கத்தில் பக்கக்குறி அட்டை செருகிய நிலையிலேயே புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பட்டியலில் உள்ளவை நல்ல நூல்கள்தான். ஆனால் எது யாருக்குப் பிடிக்கும், எதனால் பிடிக்கும் என்ற தகவல் அங்கே ஒரு வரிகூட இருப்பதில்லை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் இரண்டாவது 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்', மூன்றாவது 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர்'. நாம் இன்னும் எல்லாருக்கும் ஒரே பட்டியலை நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

நூலக மேசையில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி, "என்ன மாதிரி புத்தகம் வேணும்? சரித்திரமா, துப்பறியும் கதையா?" இதற்கு வரும் பதிலை நம்ப முடியாது. தமக்குத் தெரிந்த இரண்டு மூன்று வகைகளில் ஒன்றைத்தான் எவரும் சொல்வார். அமெரிக்காவில் சியாட்டில் நகர நூலகராக இருந்த நான்சி பேர்ல் இதற்கு மாற்றாக ஒரு வழி சொன்னார். வாசகர் ஒரு நூலுக்குள் நுழையும் வாசல்கள் நான்கு: கதை, மாந்தர், களம், மொழி. எல்லா நூலிலும் நான்கும் இருக்கும். ஆனால் ஒன்று அகலமாகத் திறந்திருக்கும், மற்றவை குறுகலாக இருக்கும். ஆகவே, "கடைசியாக ரசித்துப் படித்தது எது, அதில் இன்னும் மனசில் நிற்பது என்ன?" என்று கேட்க வேண்டும். "அடுத்து என்ன ஆகும்னு கீழே வைக்க முடியல" என்றால் கதை வாசல். "அந்தப் பெண்ணை மறக்கவே முடியல" என்றால் மாந்தர். "அந்த ஊரிலேயே இருந்த மாதிரி இருந்தது" என்றால் களம். ஒரு வரியை மனப்பாடமாகச் சொன்னால் மொழி. பல ஆண்டுகளாக எதுவும் படிக்காதவரிடம் திரைப்படத்தையோ தொலைக்காட்சித் தொடரையோ வைத்துக் கேட்டாலும் போதும்.

ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தாண்ட இந்தக் கேள்விதான் உதவுகிறது. சோழர் காலத் தொடர்கதைகளில் ஊறிய ஒரு பெரியவர் "அதே மாதிரி இன்னொண்ணு கொடுங்க தம்பி" என்கிறார். "ஐயா, அதுல உங்களுக்குக் கண்ணுல நிக்கிறது எது?" என்று கேட்டால், சண்டையையும் சதியையும் விட்டுவிட்டு ஆற்றங்கரையையும் கோடியக்கரைக் காட்டையும் சொல்கிறார். அவருடைய வாசல் களம். இன்னொரு சரித்திர நாவலைக் கொடுத்தால் அரை மனதோடு படிப்பார். பயண நூல், கோயில் வரலாறு, நதிக்கரை ஊர்களைப் பற்றிய கட்டுரைகள் என்று கொடுத்துப் பாருங்கள். டூயி தசம முறையில், அதாவது பொருள்வாரியாக எண்ணிட்டு, அடுக்கிய நூலகமென்றால் தமிழ் நாவலும் சிறுகதையும் 894.8113-இல் இருக்கும், அவருக்கு உரியது 910-களிலும், தமிழ்நாட்டு வரலாறு உள்ள 954.82-லும் இருக்கிறது. அந்த அடுக்குப் பக்கம் அவர் ஒருமுறைகூடப் போயிருக்க மாட்டார்.

பிள்ளைகளிடமும் இதே கதைதான். "இவனுக்குப் புத்தகமே பிடிக்காது" என்று சொல்லி அழைத்து வரப்படும் பையனுக்குப் பெரும்பாலும் கற்பனைக் கதைதான் பிடிப்பதில்லை. அவனை 500-களில் வானியல், 590-களில் விலங்குகள், 629-இல் வண்டி வாகனங்கள், 796-இல் விளையாட்டு உள்ள அடுக்கின் முன் பத்து நிமிடம் தனியாக விடுங்கள். அம்மா அப்பா பக்கத்தில் நிற்கக் கூடாது. நின்றால் அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் எடுப்பான்.

வயது விஷயத்தில் நடக்கும் தவறுகள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். மூன்று முதல் ஆறு வயது வரை பிள்ளை படிப்பதில்லை, கேட்கிறது. பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியம், திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர், படத்தில் மட்டும் தெரிந்து எழுத்தில் சொல்லப்படாத ஏதாவது ஒன்று: இவை இருந்தால் அந்தப் புத்தகத்தை இருபது முறை கேட்கும். கடைசிப் பக்கத்தில் 'இதனால் அறியும் நீதி' என்று இருந்தால் நாங்கள் அதை வாங்கப் பரிந்துரைப்பதில்லை. குழந்தைக்கு அது தெரிந்துவிடும். இரண்டாம் முறை கேட்காது.

தானே படிக்கத் தொடங்கும் வயதில் ஐந்து விரல் சோதனை எளியது. நூலின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, தடுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மடங்கினால் சரியான அளவு. ஐந்தும் மடங்கினால் இப்போதைக்கு வேண்டாம். தமிழில் இந்தச் சோதனைக்கு ஒரு திருத்தம் தேவை. 'சென்றுகொண்டிருந்தபோதெல்லாம்' போன்ற நீண்ட சொல்லில் பிள்ளை தடுக்கி நிற்பது பொருள் தெரியாததால் அல்ல, எங்கே மூச்சு விடுவது என்று தெரியாததால். பிரித்துச் சொன்னால் சட்டென்று புரிகிறதா? அப்படியானால் அந்த விரலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பேச்சில் பத்து வயதுக்குரிய தமிழ் இருக்கும், எழுத்துக் கூட்டுவதில் ஆறு வயதுக்குரிய வேகம்தான் இருக்கும். அவர்களால் படிக்க முடிகிற நூல் அவர்களுக்குக் குழந்தைத்தனமாகத் தெரியும். பிடிக்கிற நூலைப் படிக்க முடியாது. இங்கேதான் பல வீடுகளில் தமிழ் வாசிப்பு நின்றுபோகிறது. இரண்டையும் பிரித்துவிட வேண்டும். சுவையான, கனமான கதையைப் பெரியவர் ஒருவர் தினமும் கால் மணி நேரம் வாசித்துக் காட்டட்டும். பிள்ளை தானாகப் படிக்கப் படக்கதையும், பக்கத்துக்கு நாலு வரி உள்ள அறிவியல் நூலும் போதும். காமிக்ஸ் படித்தால் கெட்டுப்போவான் என்ற பேச்சை இனியாவது விட்டுவிடலாம். வரிக்கு வரி படம் பொருளைத் தாங்கிப் பிடிப்பதால் தடுமாறும் வாசகருக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

நிலைகளைப் பற்றி ஒரு சொல். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வருகின்றன. ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் படக்கதைகளிலும் நான்கு நிலைகள் உண்டு. இவை வாசிப்பின் கடினத்தைக் குறிப்பவை, வயதைக் குறிப்பவை அல்ல. பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் நிலை நூல் தேவைப்பட்டால், ஆட்டுக்குட்டி கதையை விட்டுவிட்டு அதே நிலையில் கிரிக்கெட்டோ ரயிலோ உள்ளதைத் தேடுங்கள். நிலை எண்ணைப் பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள்.

பழைய நூல்களில் ஒரு கண்ணி இருக்கிறது. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முன் அச்சான பிரதிகளில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகள் வேறு வடிவில் இருக்கும். தாத்தா அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த அருமையான சிறுவர் நாவலைப் பேத்தி இரண்டாம் பக்கத்தில் மூடிவைத்தால் காரணம் இதுவாக இருக்கலாம். துதிக்கை போல் வளைந்த லை-யைப் பார்த்து அவள் திகைத்து நிற்பாள். ஒரு தாளில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டால் ஓர் அத்தியாயத்துக்குள் பழகிவிடும்.

பதின்ம வயதினருக்குத் தமிழில் நூல்கள் குறைவு என்பது உண்மை. அந்த வெற்றிடத்தில் ஐந்து பாகச் சரித்திர நாவலைத் திணிப்பதுதான் நம் வீட்டு வழக்கம். கதை வாசல்காரருக்கு அது பொருந்தும். வாரப் பத்திரிகைக்காக எழுதப்பட்டதால் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு முடிச்சோடு முடியும். மற்றவர்களுக்குச் சிறுகதைத் தொகுப்பு, விளையாட்டு வீரர் வாழ்க்கை, மொழிபெயர்ப்புத் துப்பறியும் கதை என்று மூன்றைச் சேர்த்துக் கொடுத்து, ஒன்றை எடுக்கச் சொல்வது நல்லது. பல பாக நூலை எடுப்பதற்கு முன் இரண்டாம் பாகம் அடுக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முதல் பாகம் எப்போதும் இருக்கும். காணாமல் போவது இரண்டும் மூன்றும்தான்.

வட்டார வழக்கு நாவல்களைப் பாதியில் விடுபவர்கள் தங்களைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள். நாஞ்சில் நாட்டு உரையாடலோ கரிசல் பேச்சோ யாழ்ப்பாணத்துத் தமிழோ சென்னை வாசகருக்கு முதல் முப்பது பக்கம் முட்டத்தான் செய்யும். உரையாடல் பகுதிகளை மட்டும் வாய்விட்டுப் படித்தால் காது பழகி, கண்ணுக்கும் வழிவிடும். நூலின் பின்பக்கம் சொற்பொருள் பட்டியல் இருக்கிறதா என்று முதலிலேயே புரட்டிப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பு எடுக்கும்போது பதிப்பு விவரம் உள்ள பக்கத்தைப் படிக்காமல் எடுக்காதீர்கள். மூல மொழி எது, அதிலிருந்தே வந்ததா ஆங்கிலம் வழியாக வந்ததா, மொழிபெயர்த்தவர் யார், சுருக்கமா முழுமையா என்று பார்க்க வேண்டும். சிறுவர் பதிப்பு என்று எங்கும் சொல்லாமல் அறுநூறு பக்க நாவலைத் தொண்ணூறு பக்கமாக்கி விற்பதுண்டு. அதைப் படித்துவிட்டு 'இதுக்கா இவ்வளவு பேச்சு' என்று நினைப்பவர் அந்த எழுத்தாளர் பக்கம் திரும்பவே மாட்டார். முழு மொழிபெயர்ப்பு என்றாலும் நடை கட்டையாக இருந்தால், அதே நூலுக்கு வேறு மொழிபெயர்ப்பு உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். புகழ்பெற்ற நூல்கள் பலவற்றுக்கு இரண்டு மூன்று உண்டு.

முதியவர்களுக்கு நூலைத் தேர்ந்தெடுக்கும்போது பொருளுக்கு முன் பார்க்க வேண்டியவை எழுத்தளவும் எடையும். பொதுவான நூல்கள் ஏறக்குறைய 11 புள்ளி (அச்செழுத்தின் அளவைக் குறிக்கும் அலகு) அளவில் வருகின்றன. மலிவுப் பதிப்புகள் இன்னும் பொடி. 14 புள்ளிக்குக் குறைந்தால் பலருக்குக் கண் வலிக்கும். ஆயிரம் பக்கத் தொகுதியைப் படுத்துக்கொண்டு பிடிக்க முடியாது. அதே நாவல் தனித்தனிப் பாகங்களாகக் கிடைத்தால் அதை வாங்குங்கள். கைபேசியிலோ பலகைக் கணினியிலோ படிப்பதென்றால் ஒரு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ளவற்றில் பெரும்பகுதி பழைய நூல்களின் ஒளிவருடல், அதாவது பக்கங்களை அப்படியே படமாக்கியவை. பெரிதாக்கினால் பக்கம் திரைக்கு வெளியே போகும். வரிக்கு வரி இடமும் வலமும் இழுக்க வேண்டும். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பில் இருப்பவை தட்டச்சு செய்த நூல்கள், எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கும். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஓர் இணையதளம் இருக்கிறது. அங்கும் பெரும்பாலும் ஒளிவருடல்தான்.

எத்தனை பக்கம் வரை பொறுக்கலாம்? நான்சி பேர்ல் சொன்ன கணக்கு: ஐம்பது பக்கம். ஐம்பது வயதைத் தாண்டியவர் நூறிலிருந்து தம் வயதைக் கழித்துக்கொள்ளலாம். எழுபது வயதுக்காரர் முப்பது பக்கம் படித்தால் போதும். நூறு வயதானவர் அட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யும் உரிமை உடையவர். வட்டார நாவலுக்கும், மூன்று தலைமுறை மனிதர்கள் வரும் குடும்பக் கதைக்கும் இன்னொரு இருபது பக்கம் கூட்டிக் கொடுக்கலாம். சிறுகதைத் தொகுப்பை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. தலைப்புக் கதை, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. மூன்றும் ஒட்டவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கவிதைத் தொகுப்பென்றால் பத்துக் கவிதை. விட்டுவிட்ட நூலின் பெயரைக் குறித்து வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே நூல் பிடித்துப்போவது அடிக்கடி நடக்கிறது.

இனி உங்களிடம் எங்கள் வேண்டுகோள். நூல் அறிமுகப் பக்கத்தில் இப்போது விலையும் பதிப்பகமும் தொலைபேசி எண்ணும் போடுகிறீர்கள். அதோடு பக்கங்கள், பாகங்களின் எண்ணிக்கை, எழுத்தளவு, மொழிபெயர்ப்பு என்றால் மூல மொழி, சுருக்கமா முழுமையா, வட்டார வழக்கு என்றால் சொற்பட்டியல் உண்டா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். மொத்தம் இரண்டு வரிதான் பிடிக்கும். சிறுவர் நூலென்றால் சாவு, கொடுமை போன்றவை வருகின்றனவா என்று சொல்லுங்கள். தடுப்பதற்காக இல்லை, எந்த வீட்டில் அண்மையில் இழவு நேர்ந்திருக்கிறது என்பது அந்த வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அட்டைக்குப் பின்னால் இருக்கும் புகழுரையை அப்படியே எடுத்துப் போடும் பழக்கத்தை நிறுத்திவிட்டு, 'இதில் அகலமாகத் திறந்திருக்கும் வாசல் எது' என்று விமர்சகரை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். 'ஒவ்வொரு தமிழர் வீட்டிலும் இருக்க வேண்டிய நூல்' என்ற வாக்கியத்தை ஓர் ஆண்டுக்காவது அச்சேற்றாதீர்கள்.

வரும் கோடைப் பட்டியலிலேயே இதைத் தொடங்கலாம். ஐம்பது நூல்களுக்குப் பதில் பன்னிரண்டு போதும். அவை கிளை நூலகங்களில் கிடைப்பவைதானா என்று மாவட்ட மைய நூலகத்தில் விசாரித்துவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் வட்ட உறுப்பினர்கள் சிலர்,
தஞ்சாவூர் மாவட்டம்.