சாம்பல் பற்றிக் கேட்டாயே

அன்புள்ள வசந்தி,

அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, இவர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். வீடுதான் எரியவில்லையே, சாம்பலைக் கூட்டி அள்ளிவிட்டுக் குடிபோக வேண்டியதுதானே, சாம்பல் செடிக்கு நல்லதுதானே என்றாய். உன் அம்மா கீரைப் பாத்தியில் தூவுவார்களே, அது அடுப்பில் விறகு எரிந்த சாம்பல். 2025 ஜனவரி 7 ராத்திரி மலையிலிருந்து இறங்கிய தீ, இங்கே கலிபோர்னியாவில் எங்களுக்கு அடுத்த ஊரான அல்டடீனாவில் 9,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை எரித்துவிட்டது. முக்கால்வாசியும் பழைய வீடுகள், 1978இல் அமெரிக்காவில் ஈயப் பெயின்டைத் தடை செய்வதற்கு முன்னால் கட்டியவை (ஈயச் சொம்பு ஈயம் இல்லை, விஷமான lead). கூடவே கார், பேட்டரி, டிவி, குழாய் எல்லாம் சேர்ந்து எரிந்தது. மரம் எரிந்தால் தீர்ந்துபோகும், ஈயம் எங்கே போகும்? சாம்பலில் தங்கும், இல்லாவிட்டால் நுண்ணிய தூசியோடு பறக்கும். 2018இல் இதே கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்தபோது புகையில் போன உலோகத்தை 240 கிலோமீட்டர் தள்ளிக்கூடக் கண்டுபிடித்தார்கள். நாங்கள் இருப்பது மூன்றே கிலோமீட்டரில்.

எங்கள் இன்சூரன்ஸ்காரர்கள் சுத்தம் செய்யப் பணம் தருவார்களாம், சோதனைக்குத் தர மாட்டார்களாம். சோதிக்காமல் சுத்தமானது எப்படித் தெரியும் என்று கேட்டால் பதிலே இல்லை. கடைசியில் கைக்காசு போட்டு மண்ணைக் கொடுத்தோம். கலிபோர்னியாவில் குடியிருப்பு மண்ணுக்கு வைத்திருக்கும் அளவு கிலோவுக்கு 80 மில்லிகிராம் ஈயம், எங்கள் கொல்லையில் 140. எரிந்த மனைகளிலோ அரசு ஆட்கள் இடிபாட்டோடு ஆறு அங்குல மண்ணை வழித்தெடுத்துவிட்டு, அடியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்காமலே போய்விட்டார்கள். முன்பெல்லாம் இங்கே காட்டுத்தீக்குப் பிறகு சோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி தோண்டுவார்களாம்.

சரி, வீடே இல்லாத காடு எரிந்தால் பயமில்லை என்று நினைத்தேன், அதுவும் இல்லை. இங்கே செர்பென்டைன் என்று பாம்புத் தோல் மாதிரிப் பச்சைப் பாறை உண்டு, அந்த மண்ணில் சாதுவாகக் கிடக்கும் குரோமியம் என்ற உலோகம் கடுஞ்சூட்டில் புற்றுநோய் தரும் வகையாக மாறுகிறது என்று 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆட்கள் எழுதியிருக்கிறார்கள்.

பேரனை நினைத்துத்தான் கவலை, தவழ்கிற பிள்ளை, கை எப்போதும் வாயில். ஈயத்தில் குழந்தைக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. அதனால் துடைப்பம் தொடுவதில்லை, எல்லாம் ஈரத்துணிதான். செருப்பை வாசலில் விடச் சொல்லி இங்கே இப்போது அறிவுரை வேறு, எனக்குச் சிரிப்பு வந்தது.

கொல்லைக் கறிவேப்பிலையைப் போன வாரம் வெட்டிவிட்டேன், பத்து வருஷச் செடி. கழுவிப் போட்டால் போதும் என்றார் இவர், எனக்குத்தான் மனசு வரவில்லை.

பெண்ணின் வளைகாப்பு என்றைக்கு? தேதி எழுது.

உன்,
கமலா