21 நாள் கணக்கு

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள வசந்தா,

கேன்சருக்குக் கீமோ தொடங்கப்போகிறது என்று நீ எழுதிய கடிதம் கிடைத்தது. "கீமோவுக்குப் பயமில்லை, மாட்டையும் கோழியையும் ராகியையும் யார் பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறாய். தைரியம் சொல்ல ஆனேக்கல்லில் உனக்கு ஆள் பஞ்சம் இல்லை. கீமோ வார்டில் வேலை பார்க்கிறவள் நான். எனக்குத் தெரிந்தது நாள் கணக்கு. இன்று எத்தனையாவது நாள் என்று தெரிந்து வைத்திருப்பவர்கள்தான் மனசு விடாமல் இருக்கிறார்கள்.

உனக்கு எழுதியிருப்பது 3 வாரத்துக்கு ஒருமுறை ஏ.சி. (டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்தது), மொத்தம் 4. பிறகு வாராவாரம் பேக்லிடாக்சல் என்கிற மருந்து, 12 முறை. அடை வைத்த முட்டை பொரிக்க எத்தனை நாளோ, அதே 21 நாள்தான் ஏ.சி.யின் ஒரு சுற்று. மாட்டுத் தொழுவக் காலண்டரிலேயே குறித்து வை.

மருந்து ஏறும் நாள் முதல் நாள். டாக்ஸோரூபிசின் ரத்தச் சிவப்பாக இருக்கும். ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும், அது ரத்தம் இல்லை. கூடவே ஏறும் சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையை அரிக்கும். அதனால் இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர் குடி, அடக்காமல் அடிக்கடி போ. 48 மணி நேரம் வரை சிறுநீர், வாந்தி எல்லாவற்றிலும் மருந்து கலந்திருக்கும். கக்கூஸில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றச் சொல், உன் துணியைத் துவைப்பவர் கிளவுஸ் போட்டுத் தனியாகத் துவைக்கட்டும். வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாதே, எழுதிக் கொடுத்த நேரத்தில் போடு. அந்த மாத்திரை மலத்தைக் கட்டும். இரண்டு நாள் போகவில்லையென்றால் டாக்டரிடம் மருந்து கேள். எனிமா மட்டும் வேண்டாம்.

வாந்தி மாத்திரைகளோடு ஸ்டீராய்டும் இருக்கும். அது இருக்கும்வரை தூக்கம் வராது, ஆனால் சுறுசுறுப்பாக இருப்பாய். நிறுத்தியதும், பெரும்பாலும் 3, 4, 5-ஆம் நாட்களில், உடம்பு துவண்டு, காரணமே இல்லாமல் அழுகை வரும். "நம்பிக்கை போய்விட்டது" என்று பலர் சொல்வது அந்த நாட்களில்தான். அதில் பாதி மாத்திரை நின்றதன் வேலை. நிலத்தை விற்கலாமா, வைத்தியத்தை நிறுத்தலாமா என்கிற பேச்சை அன்றைக்கு எடுக்கவே எடுக்காதே. 8-ஆம் நாளும் அதே எண்ணம் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல், அதற்கும் மருந்து உண்டு.

7 முதல் 14 வரைதான் நீ பண்ணையில் கவனமாக இருக்க வேண்டியது. கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, நாங்கள் 'கவுன்ட்' என்போமே, அது தரைதட்டும் நாட்கள் அவை. சாணம் அள்ளுவது, எருக்குழி கிளறுவது, கோழிக்கூண்டு கழுவுவது எதுவும் உனக்குக் கூடாது; அந்த 12 பேக்லிடாக்சலும் முடியும்வரை கூடாது என்றே வைத்துக்கொள். மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலை உதறும் இடத்தில் நிற்கவே நிற்காதே. அந்தத் தூளில் இருக்கும் பூஞ்சை மற்றவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, கவுன்ட் குறைந்தவர் நுரையீரலில் முளைத்துவிடும். பால் பொங்கக் காய்ச்சியது மட்டும். கிணற்றுத் தண்ணீரும் கொதித்து ஆறியதுதான். கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் புருசெல்லா தடுப்பூசி போடுவார்களே, அது உயிருள்ள கிருமி. கன்றைப் பிடித்துக்கொள்ள நீ போகாதே, ஊசி தவறிக் கையில் பட்டாலே நோய் ஒட்டும்.

காய்ச்சல்தான் இதில் பெரிய விஷயம். வாயில் வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. கிளம்பும் முன் பாராசிட்டமால் போடாதே, காய்ச்சல் அடங்கின மாதிரி தெரியும், உள்ளே கிருமி பரவிக்கொண்டிருக்கும். ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற ஒரு மணி நேரம் தாமதிப்பதும் ஆபத்துதான். ஓசூர் ரோடும் சில்க் போர்டும் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். அதனால் வண்டியும் ஓட்டுகிறவரும் யார் என்று இப்போதே பேசி வை. அந்த நேரத்தில் அவ்வளவு தூரம் முடியாது என்றால் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் முதல் ஆன்டிபயாடிக் ஊசி போடலாம் என்று உன் டாக்டரிடமே கேட்டு, ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்.

கவுன்ட் ஏற்றும் ஊசி கொடுத்தால், கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். அந்த ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கணும். ஃபிரீசரில் உறைந்தால் வீண். உங்கள் பக்கத்துக் கரண்டை நம்பாதே. ஐஸ் பையைத் துணியில் சுற்றி, ஊசியில் படாமல் தெர்மோ பெட்டியில் வை. போட்ட பிறகு இடுப்பெலும்பும் மார்பெலும்பும் குடையும். எலும்பு மஜ்ஜை வேலை செய்வதால் வரும் வலி, கேன்சர் எலும்புக்குப் போய்விட்டது என்று நீயாக முடிவு கட்டாதே.

மூன்றாவது வாரம் உன் வாரம். வரப்பில் நட, கூலி கணக்குப் பார், ராகி அறுப்பை நின்று நடத்து. முதல் கீமோ ஏறிய இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும், முன்னாடியே ஒட்ட வெட்டிவிடு. வெயிலுக்குப் பருத்தித் துண்டு போதும், விக்குக்குப் பணத்தைக் கொட்டாதே என்பது என் கட்சி. அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கைக்கு எப்போதும் கிளவுஸ். அரிவாள் கீறினால் உடனே சோப்பு போட்டுக் கழுவு, சிவந்தால் அன்றே காட்டு.

அடுத்த கீமோவுக்கு முந்தின நாள் ரத்தம் எடுப்பார்கள். நியூட்ரோஃபில் (கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணு) பொதுவாக 1500-க்கும் பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கும் அணு) ஒரு லட்சத்துக்கும் மேலே இருக்கணும். குறைந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள். பயணம் வீணாயிற்றே என்று பாதிப் பேர் அங்கேயே உடைந்துபோகிறார்கள். ஒரு வாரம் தள்ளினதால் வைத்தியம் தோற்றதாக ஆகாது. முந்தின நாளே ரத்தத்தை ஊர் லேபில் கொடுத்துவிட்டால் அந்த அலைச்சலும் மிச்சம்.

பப்பாளி இலைச் சாறு, கஷாயம் என்று ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். வாங்கிவை, குடிக்காதே. சைக்ளோபாஸ்பமைடு வேலை செய்யும் மருந்தாக மாறுவதே ஈரலில்தான். அங்கே இன்னொன்றைக் கொண்டுபோய்க் குழப்பாதே. வாய்ப்புண்ணுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் ஒவ்வொரு டீஸ்பூன் கலந்து, நாளைக்கு நாலைந்து முறை கொப்பளி.

பேக்லிடாக்சலில் விரல் நுனி மரத்துப்போகும். சுடுபால் பாத்திரம் சுடுவதே தெரியாது. ரவிக்கை ஊக்கு மாட்டத் தடுமாறும்போதே சொல்லிவிடு, அளவைக் குறைக்க முடியும். பொறுத்துக்கொண்டால் மரப்பு தங்கிவிடும்.

முதல் ரத்த ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. காலண்டரையும் சேர்த்து எடு, உழவு நாளும் கீமோ நாளும் எங்கே மோதுகிறது என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
மல்லிகா