உமேடா நிலத்தடியில் வழிகாட்டிய அம்மாவுக்கு

போன வாரம் ஒசாகாவின் உமேடாவில், நிலத்தடிக் கடைவீதியில் முக்கால் மணி நேரம் சுற்றினேன். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிலையத்துக்குப் பெயர் ஒசாகா. மெட்ரோவிலோ உமேடா, கிழக்கு உமேடா, மேற்கு உமேடா என்று மூன்று. ஹான்கியூ, ஹான்ஷின் என்ற தனியார் ரயில் நிறுவனங்களின் நிலையங்கள் இரண்டும் 2019 முதல் ஒசாகா-உமேடா! எல்லாவற்றையும் கீழே பாதைகள் இணைக்கின்றன. உள்ளூர்க்காரர்களே இதை 'டஞ்சன்' (வீடியோ கேம்களில் வரும் பாதாளப் புதிர்வழி) என்றுதான் கிண்டல் செய்கிறார்கள். கைபேசியின் நீலப் புள்ளியும் கைவிட்டுவிட்டது.

அப்போதுதான் காய்கறிப் பையோடு நீங்கள் வந்தீர்கள். வெங்காயத்தாள் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "ஹான்கியூ" என்ற ஒரே சொல்தான் என்னிடம் இருந்தது. கையைக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். நீங்களோ வந்த வழியே திரும்பி, என்னோடு நடந்தீர்கள். எஸ்கலேட்டரில் இடப்பக்கம் நின்றவனைச் சட்டையைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தீர்கள். (தோக்கியோவில் இடம், ஒசாகாவில் வலம். நான் தோக்கியோவிலிருந்து வந்தவன்.) டிக்கெட் கேட் வரை வந்து, உள்ளே நின்ற அரக்கு நிற ரயிலைக் காட்டிய பிறகுதான் கிளம்பினீர்கள்.

பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவசரத்தில் "அரிகாத்தோ" என்று மட்டும் சொன்னேன். ஒசாகாக்காரர்கள் நன்றிக்கு "ஓக்கினி" என்பார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஓக்கினி, அம்மா.