நட்சத்திரம் போட்டு மறைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணைய உரையாடல் தளங்களில் எந்தச் சொல்லை விடலாம், எந்தச் சொல்லை மறைக்கலாம் என்று விதி எழுதும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்கள் வேலையை நானும் கொஞ்ச காலம் பார்த்திருக்கிறேன், சம்பளம் இல்லாமல். நாள்பட்ட வலியோடு வாழ்கிறவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் ஓர் அரட்டைக் குழுவுக்கு நான்கு வருடம் அட்மினாக இருந்தேன். பொறுப்புக்கு வந்த முதல் வாரமே செய்த காரியம், கெட்ட வார்த்தைப் பட்டியல் போட்டது. ஒரு ராத்திரி உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த வசவுகளை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தட்டினேன். அவ்வளவு வசவை ஒரே மூச்சில் அதற்கு முன் நான் வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதியதும் இல்லை. 140 தேறியது. அந்தப் பட்டியலை ஒரு 'பாட்'டிடம் (bot, குழுவில் தானாக வேலை செய்யும் சிறு நிரல்) கொடுத்தேன். யார் எழுதினாலும் அந்தச் சொல் இருக்கும் இடத்தில் நட்சத்திரம் விழும். ஒரே நாளில் மூன்று முறை மாட்டினால் 24 மணி நேரம் பேச முடியாது. இரண்டு வரி விதி. எழுதி முடித்ததும் ஏதோ வீட்டைப் பெருக்கித் துடைத்தது போல ஒரு திருப்தி.

மறுநாளே அது பல்லை இளித்தது. முதலில் மாட்டிக்கொண்டவர் குழுவிலேயே சாதுவான மனிதர். "சொல்லிக் கொடுத்த பயிற்சிகளில் என்னால் முடிந்ததை மட்டும் பொறுக்கி எடுத்துச் செய்கிறேன்" என்று எழுதியிருந்தார். நடுவில் இருந்த 'பொறுக்கி' நட்சத்திரமாகிவிட்டது. தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று புரியாமல், மன்னிப்புக் கேட்டு எனக்குத் தனியாக ஒரு செய்தி வேறு அனுப்பினார். வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த வாரம் ஒருவர் விபத்தில் மயிரிழையில் தப்பியிருக்கிறார். அவர் தப்பிவிட்டார், அவருடைய வாக்கியம் தப்பவில்லை.

இந்த 'மயிர்' கதையை நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். "மயிர்நீப்பின் வாழாக் கவரிமா" என்று மானத்தைப் பற்றிப் பேச வந்த இடத்தில் வள்ளுவர் எடுத்த சொல் அது. அவர் காலத்தில் அதில் ஒரு குற்றமும் இல்லை. இன்றைக்கும் மயிர்க்கால், மயிர்க்கூச்சம் என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதையே தனியாக, ஒரு குறிப்பிட்ட தொனியில் சொன்னால் சண்டை வருகிறது. 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணம். 'பரதேசி' வெளிதேசத்துக்காரன். சொற்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நீங்களும் நானும் போடுகிற பட்டியல்தான் போட்ட நாளோடு நின்றுவிடுகிறது.

தமிழுக்கு மட்டும் வந்த தொல்லையும் இல்லை இது. 1996இல் ஸ்கன்தார்ப் என்ற இங்கிலாந்து ஊர்க்காரர்களால் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்கே தொடங்க முடியவில்லை. ஊர்ப் பெயரின் நடுவில் நான்கெழுத்து வசவு ஒன்று தற்செயலாக உட்கார்ந்திருந்ததுதான் காரணம். இப்படிப்பட்ட பிழைக்கு அந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். பாவம், ஊர் என்ன செய்யும்? ஆங்கிலத்திலாவது சொற்கள் பெரும்பாலும் தனித்தனியாக நிற்கும். தமிழில் ஒரு சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு வேற்றுமை உருபு, 'உம்', 'ஏ', 'ஓ', 'தான்' எல்லாம் வரிசையாக வரும். முழுச் சொல்லாக மட்டும் தேடு என்று கருவிக்குச் சொன்னால் முக்கால்வாசி வசவுகள் தப்பிவிடும். எங்கே ஒட்டியிருந்தாலும் பிடி என்றால் மேலே சொன்ன மாதிரி சாதுக்கள் மாட்டுவார்கள்.

பட்டியலில் இருக்கும் சொற்களாவது மாட்டுகின்றனவா என்றால், அதுவும் இல்லை. நம்மில் பாதிப்பேர் தமிழை ரோமன் எழுத்தில் தட்டுகிறவர்கள். ஒரே 'ழ'வை மூன்று விதமாக எழுதுவோம். நெடிலுக்கு ஒருவர் உயிரெழுத்தை இரட்டிப்பார், இன்னொருவர் அதைப் பற்றிக் கவலையே பட மாட்டார். ஒரு சொல்லில் இப்படி மூன்று இடம் இருந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று வழி இருந்தால், 27 விதமாக எழுதிவிடலாம். நான் 27ஐயும் சேர்த்தால் 28ஆவதாக நடுவில் ஒரு புள்ளி வைப்பார்கள். வைத்தார்கள். செயற்கை நுண்ணறிவு வந்ததும் இது தீர்ந்துவிட்டதாக நீங்கள் சொல்லக்கூடும். 2017இல் கூகுளின் ஜிக்சா பிரிவு, ஒரு வாக்கியத்தில் எவ்வளவு நச்சு இருக்கிறது என்று மதிப்பெண் போடும் பெர்ஸ்பெக்டிவ் என்ற கருவியை வெளியிட்டது. அதே வருடம் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வசவின் நடுவில் ஒரு எழுத்தைக் கூடுதலாகத் தட்டியும் புள்ளி வைத்தும் பார்த்தார்கள். நச்சு மதிப்பெண் சரிந்துவிட்டது. 'இல்லை' சேர்த்து, அவர்கள் முட்டாள்கள் இல்லை என்கிற மாதிரி எழுதினாலோ, மதிப்பெண் அப்படியே உயரத்தில் நின்றது. கருவிகள் அதற்குப் பிறகு எவ்வளவோ தேறியிருக்கின்றன. ஆனால் இவற்றைப் பழக்குவதே மனிதர்கள் 'இது புண்படுத்தும்' என்று குறித்துக் கொடுத்த வாக்கியங்களை வைத்துத்தான். அதே பல்கலைக்கழகத்தில் 2019இல் வந்த இன்னொரு ஆய்வு, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பேச்சுவழக்கில் எழுதிய ட்வீட்கள் புண்படுத்துபவை என்று முத்திரை குத்தப்படும் வாய்ப்பு மற்றவற்றைவிட இரண்டு மடங்கு வரை இருப்பதைக் காட்டியது. யாருடைய பேச்சு கருவிக்குப் பழக்கமில்லையோ அவர்தான் முதலில் கெட்டவர் ஆகிறார்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடிய கோளாறுகள்தான் என்று நினைத்துக்கொண்டு பட்டியலைத் தட்டிக்கொட்டி நானும் இரண்டு வருடம் ஓட்டினேன். அப்புறம் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன்.

குழுவில் ஒரு பெண், சின்ன வயது. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை, திரும்பிப் படுக்கக்கூட அம்மா வரவேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் பதில் போட்டார்: "உங்கள் வீட்டில் இருப்பவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. நீங்கள் இல்லாவிட்டால் அவர்களாவது நிம்மதியாகத் தூங்குவார்கள்." ஒற்றுப்பிழைகூட இல்லை. 'நீங்கள்' என்ற மரியாதை வேறு. பாட் வாயைத் திறக்கவில்லை, திறக்க அதில் ஒன்றும் இல்லையே. அதைப் பார்த்ததும் நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிற ஒரு மூத்த உறுப்பினர் அந்த ஆளைப் பிடித்து நாலு கேள்வி கேட்டார். ஒவ்வொன்றிலும் என் பட்டியலில் இருந்த சொற்கள். மூன்றாவதிலேயே பாட் அவர் வாயை ஒரு நாளைக்குக் கட்டிவிட்டது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்து பார்க்கும்போது ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அந்தப் புதியவரின் இரண்டு வரி அப்படியே பளிச்சென்று நிற்கிறது. அதற்குக் கீழே நட்சத்திரம் நட்சத்திரமாக அக்காவின் பதில். அந்தப் பெண் வேறெதுவும் எழுதவில்லை.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். குழுவில் இல்லை.

அந்த ஐந்து மணி நேரமும் என் விதி சொன்னபடியே வேலை செய்துகொண்டிருந்தது. அதுதான் என்னை உறுத்துகிறது. எங்கும் பிழை இல்லை. அடித்தவரை விட்டுவிட்டுத் தடுத்தவரைப் பிடிக்கச் சொல்லித்தான் நானே எழுதி வைத்திருந்தேன், எனக்குத் தெரியாமலே.

வலிக்கிறவர்கள் திட்டுவதற்குக் காரணமும் இருக்கிறது. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆட்களின் கையைச் சில்லென்ற நீரில் வைக்கச் சொல்லிச் சோதித்தார்கள். சாதாரணச் சொல்லைச் சொன்னபோது தாங்கியதைவிட, வசவைச் சொன்னபோது அதிக நேரம் தாங்கினார்கள். அந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. 2020இல் இன்னொரு படி போய், வசவு மாதிரி ஒலிக்கும்படி 'ஃபவுச்', 'ட்விஸ்பைப்' என்று இரண்டு சொற்களைப் புதிதாக உண்டாக்கிக் கொடுத்தார்கள். அவை வலியைத் தாங்க உதவவே இல்லை. இதைப் படித்தபோது குழுவில் வலி தாங்காமல் தன் முதுகையே திட்டித் தீர்த்தவர்கள் ஞாபகம் வந்தது. யாரையும் திட்டவில்லை, முதுகைத்தான். அதற்கும் நட்சத்திரம் போட்டேன்.

சரி, மறைக்கவே கூடாதா? நம் மொழியில் இதற்குப் பழைய யோசனை ஒன்று இருக்கிறது. பள்ளியில் இடக்கரடக்கல் என்று படித்திருப்போம், 'கால் கழுவி வந்தான்' என்பது போல. நன்னூல் அதைத் தகுதி வழக்கில் சேர்க்கிறது. அதற்கும் வெகு முன்னால் தொல்காப்பியம் "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்" என்றது. அந்தச் சொற்சேர்க்கையைப் பாருங்கள். தீய சொல் என்றோ கெட்ட சொல் என்றோ அது சொல்லவில்லை. அவைக்கு ஆகாத சொல் என்கிறது. அவை மாறினால் ஆகும் சொல்லும் மாறும். அதோடு, மறைத்துச் சொல்வது பேசுகிறவர் பொறுப்பு. எதிரில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து அவரே சொல்லை மாற்றிக்கொள்கிறார். பேசியவர் வாயை இன்னொருவர் வந்து பொத்துவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

உங்கள் விதிகளில் உலகம் முழுவதும் ஒரே அவை. இருபது வருடச் சிநேகிதர்கள் இருவர் ஒருவரை ஒருவர் எருமை, கழுதை என்று கொஞ்சிக்கொள்ளும் தனி அரட்டையும், பத்து வயதுப் பிள்ளைகள் விளையாடும் இடமும், முன்பின் தெரியாதவர்கள் அரசியல் பேசும் இடமும் உங்களுக்கு ஒன்றுதான்.

நான் வசவுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. தமிழில் இருக்கும் கடுமையான வசவுகளில் முக்கால்வாசி யாரோ ஒருவருடைய தாயையும், பெண்ணின் உடம்பையும், ஒருவர் பிறந்த சாதியையும் இழுப்பவை. எனக்கு அவற்றைக் கேட்கவே பிடிக்காது. ஒரு பெண் ஏதோ கருத்துச் சொன்ன குற்றத்துக்குக் காலையில் போனைத் திறந்தால் அறுநூறு வசவு வந்து நிற்கும்போது, மொழியின் வரலாறு பற்றி அவரிடம் பேச முடியாது. அவருக்குத் திரை வேண்டும், அந்த நிமிடமே வேண்டும். அந்தத் திரையை இழுக்கும் கயிறு அவர் கையில் இருக்கட்டும் என்கிறேன். இது முடியாத காரியமும் இல்லை. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுத் தளம் 2019இல் செய்தி வடிகட்டியைப் பல நிலைகளாகப் பிரித்து, எது வேண்டும் என்பதைப் பயனரிடமே விட்டது. இன்ஸ்டாகிராம் 2021இல் தனக்கு வரும் செய்திகளில் எந்தச் சொற்களைப் பார்க்க விரும்பவில்லை என்று அவரவரே பட்டியல் போட வழி செய்தது. சிறுவர்கள் புழங்கும் இடத்தில் கயிறு பெரியவர்கள் கையில் இருக்கலாம், அதில் எனக்குத் தகராறு இல்லை.

நட்சத்திரத்தால் மறைவது என்ன என்றும் யோசித்துப் பாருங்கள். முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் விட்டு நடுவில் மூன்று நட்சத்திரம் போட்டால், படிக்கிறவர் அந்தச் சொல்லை மனசுக்குள் முழுசாகவே சொல்லிவிடுகிறார். படக்கதைக்காரர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக இந்த வித்தையைச் செய்து சிரிக்க வைக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய கவலை, உங்கள் பட்டியல் வசவோடு நிற்காதது. சாவு, கொலை, உடம்பு, மாதவிலக்கு என்று அது நீண்டுகொண்டே போகிறது என்ற பயத்தில் ஆட்கள் இப்போது 'தற்கொலை' என்பதற்கு நடுவில் புள்ளி வைக்கிறார்கள், நட்சத்திரம் வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பதிலாகச் சொல்லவென்றே பொம்மைச் சொற்கள் கிளம்பிவிட்டன. விளைவு என்ன? ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் அந்தச் சொல்லை நேராகத் தட்டித் தேடினால், அதைக் கடந்து வந்தவர்கள் எழுதி வைத்தது அவர் கண்ணில் படாது. எழுதியவர் பயந்துபோய்ச் சொல்லை உடைத்து வைத்திருக்கிறார், தேடுகிறவர் உடையாத சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

நான் கேட்பது இவ்வளவுதான். எந்தச் சொல் என்று பார்ப்பதற்கு முன்னால் யாரை நோக்கி, எத்தனை முறை, எத்தனை பேர் சேர்ந்து என்று பாருங்கள். தனி அரட்டையிலிருந்து உங்கள் நட்சத்திரங்களை எடுத்துவிடுங்கள். பொது இடத்தில் திரை போடுகிறீர்கள் என்றால், எந்தச் சொல்லுக்காகப் போட்டீர்கள் என்று எழுதியவருக்குச் சொல்லுங்கள், முறையிட்டால் தமிழ் தெரிந்த ஒரு மனிதர் படிக்கட்டும். அவருக்குச் சம்பளம் கொடுங்கள். நாள் முழுக்கப் பிறர் கக்கியதைப் படிக்கும் வேலை என்ன செய்யும் என்று எனக்கு ஓரளவு தெரியும், ஓய்வும் கொடுங்கள்.

குழுவில் நான் கடைசியாகச் செய்த வேலை, அந்த 140ஐ அழித்தது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு செய்திக்குக் கீழேயும் 'யாராவது வாருங்கள்' என்று ஒரு பொத்தான் வைத்தோம். அழுத்தினால் விழித்திருக்கும் ஐந்து பேருக்கு மணி அடிக்கும். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் அக்கா. இன்றைக்கும் அவர்தான் ராத்திரி முறை. வாய் கொஞ்சமும் மாறவில்லை.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் அட்மின்