பதினோராம் மணி வேளை: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து அத்தை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மூன்று நாளாக மத்தியானமானால் மழை. கடையில் ஆளில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிந்தது.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று கேட்டாய். "விசுவாசம் என்று விடையை முதலில் எழுதிவைத்துவிட்டு அப்புறம்தான் வேதாகமத்தைத் திறக்கிறீர்கள் அத்தை. அது வாசிப்பா?" உன் அப்பாவுக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டேன். என் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள் என்பதால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

உன் பாட்டியின் வேதாகமம் என்னிடம்தான் இருக்கிறது. மத்தேயு 20-ஆம் அதிகாரம், திராட்சத்தோட்டத்துக் கூலியாட்கள் கதை. அந்தப் பக்கத்தில் இரண்டு அடிக்கோடுகள். "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு" என்பதன் கீழே பென்சில் கோடு. காகிதம் கிழியுமளவுக்கு அழுத்திப் போட்டது. அதற்குச் சற்று மேலே, "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்பதன் கீழே நீலப் பேனா. அது கொஞ்சம் நடுங்கிய கோடு.

பென்சில் கோடு, பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தது. இருட்டோடு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்தால்தான் பால் நன்றாக இறங்கும். மழை என்றால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கூலியும் இல்லை. அப்படிப்பட்டவரிடம் போய், விடியற்காலையில் வந்தவனுக்கும், பதினோராம் மணி வேளையில், அதாவது நம் கணக்கில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி என்றால்? "இந்தக் கதை மட்டும் எனக்கு ஒத்துவரல. கடைசியில வந்து நின்னவனுக்கும் அதே சம்பளமா?" என்பார். கோயிலில் அந்தப் பகுதி வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வந்ததும் சட்டிபானைகளின் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும்.

அப்புறம் தோட்டத்தில் பால்மரங்களை அழித்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள். பாட்டிக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. டவுன் முச்சந்தியில் மற்றப் பெண்களோடு நிற்பார். குத்தகைக்காரரின் லோரி வரும். வயசுப் பெண்களாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு போய்விடும். நான் பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போகும்போது நிற்பவர், மத்தியானம் திரும்பும்போதும் அங்கேயே நிற்பார், சாப்பாட்டு டிபனைத் திறக்காமல். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கால்கூடக் கழுவாமல் வேதாகமத்தை எடுத்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டி, "இவங்க சோம்பேறிங்க இல்லடி. யாரும் கூப்பிடல" என்றார். நீலக் கோடு அன்றைக்குப் போட்டதுதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். விடையை எழுதிவைத்துக்கொண்டு வாசிப்பவராக இருந்திருந்தால் பாட்டி பென்சில் கோட்டோடு நின்றிருப்பார். அவருக்குத் தன் விடை நன்றாகவே தெரியும்: முதலாளி செய்தது அநியாயம். அப்படியும் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட முடியவில்லை, ஏனென்றால் கதையைச் சொல்கிற இயேசு பொய் சொல்லமாட்டார் என்று நம்பினார். பிடிக்காத கதையோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டதற்கு எனக்குத் தெரிந்த ஒரே காரணம் அந்த விசுவாசம்தான்.

விசுவாசம் இல்லாதவருக்குக் கதை விளங்காது என்று சொல்லமாட்டேன். அதில் வருகிற ஒரு பணம் என்பது ரோமர்களின் தெனாரியம், ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம், அதில் குறைந்தால் வீட்டில் அடுப்பு எரியாது என்று எனக்குச் சொன்னவனே நீதான். பொழுதுபோகுமுன் கூலியைக் கொடுத்துவிடு என்று உபாகமம் 24-இல் இருப்பதை அதோடு சேர்த்துப் பார்த்தேன். முதலாளி மணிக்கணக்குப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்திருக்கிறார்! சரி, அதற்கு உனக்கு நன்றி.

"புரிந்துகொள்வதற்காக விசுவாசி" என்று வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகஸ்டின் சொன்னதை அன்றைக்கு நீ கிண்டல் செய்தாய். அவர் அதற்கு ஆதாரமாகப் பிடித்தது ஏசாயா 7:9. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அது "விசுவாசியாவிட்டால் புரிந்துகொள்ளமாட்டீர்கள்" என்று இருக்கிறது. எபிரெயத்தில் அப்படி இல்லை, நம் தமிழ் வேதாகமத்தில் இருப்பதுபோல, "விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்." இரண்டு வாசகமும் அகஸ்டினுக்குத் தெரியும், இரண்டையும் எடுத்துப் பேசியிருக்கிறார். எபிரெயத்தில் விசுவாசிப்பதற்கும் நிலைபெறுவதற்கும் வேர்ச்சொல் ஒன்றுதான். ஜெபம் முடிந்ததும் நாம் சொல்கிற ஆமென்கூட அதே வேரில் வந்தது. எனக்கு எபிரெயமே பிடித்திருக்கிறது. பாட்டிக்கு அந்தக் கதை புரிவதற்கு முன்னால், அதன் எதிரில் நிற்க வேண்டியிருந்தது.

ஆனால் விசுவாசம் இருந்துவிட்டால் வாசிப்பு சரியாகிவிடும் என்றும் நினைக்காதே. தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுக்கொண்டிருந்த சமயம் ஒரு பிரசங்கியார் இதே அதிகாரத்தை எடுத்து, "முறுமுறுக்காதிருங்கள், கிடைத்ததில் திருப்தியாயிருங்கள்" என்று முக்கால் மணி நேரம் பேசினார். அவரும் விசுவாசிதான். முறுமுறுத்தவர்களைப் பார்த்தவர், கேட்காமலே கூடுதலாகக் கொடுத்த முதலாளியைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

15-ஆம் வசனத்தில் "நீ வன்கண்ணனாயிருக்கலாமா", அதாவது பொறாமைப்படலாமா என்று முதலாளி கேட்கிறார். கிரேக்கத்தில் உன் கண் பொல்லாததா என்றுதான் இருக்கிறதாம். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தக் கண்ணை விடாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த வார்த்தைக்குக் கீழே பாட்டி கோடு எதுவும் போடவில்லை. ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கிறது, பென்சிலா பேனாவா என்று தெரியாத அளவுக்கு மங்கிப்போய். அடுத்த விடுமுறைக்கு வரும்போது கொஞ்சம் பார்த்துச் சொல். எனக்கு இப்போதெல்லாம் கண் சரியாகத் தெரிவதில்லை.

அன்புடன்,
அத்தை