ஒரே நாளில் ஒன்பது கோயில்: நடை சாத்திய பிறகு எங்கே போவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் நவக்கிரகக் கோயில்களை ஒரே நாளில் பார்த்துவிட்டு வருவது எப்படி என்று படத்தோடு வழி போட்டிருந்தீர்கள். எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எங்கே டிகிரி காபி நன்றாக இருக்கும் என்பது வரைக்கும் இருந்தது. மத்தியானம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும் என்பதை மட்டும் காணோம். எங்கள் பக்கத்துத் தொல்லையில் பாதி அந்த மூன்றரை மணி நேரத்தில்தான் நடக்கிறது.

திங்களூர் திருவையாற்றுப் பக்கம். ஆலங்குடி மன்னார்குடி சாலையில். திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் ஆகிய மூன்றும் கும்பகோணத்துக்குக் கிழக்கே. வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் மயிலாடுதுறை மாவட்டம். திருநள்ளாறு காரைக்காலில். இத்தனையையும் ஒரு பகலில் முடிக்க வேண்டும் என்று கிளம்புகிறவர் விடியற்காலையில் இருந்தே ஓட்டத்தில் இருக்கிறார். இதில் ராகு காலத்துக்குத் திருநாகேஸ்வரத்தில் பாலாபிஷேகம் பார்த்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அது நாலரையிலிருந்து ஆறு. அதற்குள் வந்துசேர, ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல் என்றிருக்கும் ஒற்றைச் சாலையில் வேன்காரர் என்ன வேகத்தில் வருவார் என்பதைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

நடை சாத்தியதும் இவர்களுக்குப் போக இடமில்லை. சில கோயில்களில் மண்டபம் உண்டு, கழிப்பறை உண்டு. பல இடங்களில் இரண்டும் போதாது. ஆகவே நிழல் கண்ட இடத்தில் வண்டி நிற்கிறது. புளிசாதம் எவர்சில்வர் தூக்கில் வந்த காலம் போய் இப்போது ஹோட்டல் பொட்டலம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. வரப்பில் கிடக்கும் தண்ணீர் டம்ளர்களுக்கு அது தெரியாது. சாமி கும்பிட வந்தவர்களில் சிலர், எல்லோரும் அல்ல, மீதி நேரத்தை வேறு விதமாகவும் கழிக்கிறார்கள். குடித்து முடித்த மதுப் பாட்டில் வயலுக்குள் விழுகிறது.

இந்தப் பாட்டில் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். உழுது, பரம்படித்துச் சமப்படுத்திய வயலில் கணுக்கால் அளவு சேறும் அதன் மேல் கலங்கிய தண்ணீரும் இருக்கும். உள்ளே என்ன கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நடவு நடுகிற பெண்கள் செருப்போடு இறங்க முடியாது. குனிந்தபடி பின்னால் நகர்ந்துகொண்டே போவார்கள். உழவில் உடைந்த பாட்டிலின் அடிப்பாகம் சேற்றில் மல்லாந்து கிடந்தால் குதிகால் நேராக அதன் மேல்தான் போகும். போன சம்பாவில் எங்கள் தெருப் பெண் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. ரத்தம் தெரிவதற்கு முன்பே சேறு காயத்துக்குள் போய்விட்டது. டிடி ஊசி, தையல், நடவு முடியும் வரைக்கும் கூலி இல்லை. நடவு சீசன் என்பது வருஷத்தில் சில வாரங்கள்தான். அந்தக் கூலி பிறகு எங்கே கிடைக்கும்? இப்போது சாலையோர வயல்காரர்களுக்கு வேலை வரிசையே மாறிவிட்டது: உழவு, பரம்பு, பாட்டில் பொறுக்குதல், நடவு. நீலகிரியில் 2022ல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுக்கிற முறை வந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் வந்திருக்கிறது. ஆனால் ஓட்டத்தில் இருக்கிறவர் பத்து ரூபாய்க்காக வண்டியைத் திருப்ப மாட்டார்.

அடுத்தது துணி. திருநள்ளாறு நளதீர்த்தத்தில் குளித்து உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிடும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். அது நளதீர்த்தத்தோடு நிற்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று அரசலாறு, குடமுருட்டி, பேர் தெரியாத பாசன வாய்க்கால் எல்லாவற்றிலும் விடுகிறார்கள். பருத்தி வேட்டியாக இருந்தால் மக்கித் தொலையும். இப்போது எல்லாம் பாலியஸ்டர். ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலத்தில் ஒரு நைலான் சேலை மதகின் ஷட்டர் கம்பியில் சுற்றிக்கொண்டால், அதன் மேல் ஆகாயத்தாமரை அண்டி, அதன் மேல் மாலையும் வாழைமட்டையும் அடைத்து, கடைமடைக்குப் போகிற தண்ணீர் பாதியாகிவிடும். கழுத்தளவு தண்ணீரில் இறங்கி அரிவாளால் அதை அறுத்து எடுப்பவருக்குப் பரிகாரம் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. துணியோடு சனி போய்விட்டதாகவே வைத்துக்கொள்வோம். போன சனி எங்கள் மதகில் வந்து உட்கார வேண்டுமா?

தை, மாசியில் இன்னொரு மல்லுக்கட்டு. சாலையில் நெல் காய்கிறது என்று வெளியூர்க்காரர்கள் சத்தம் போடுவார்கள். சாலை நெல் காயவைக்கிற களம் இல்லைதான். ஆனால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். பனியில் அறுத்த நெல்லை அவ்வளவு தூரம் உலர்த்த ஊரில் இருக்கிற ஒரு களம் யாருக்குப் போதும்? வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போகச் சொல்லிக் கை காட்டினால் பெரும்பாலோர் போகிறார்கள். ஹாரனை அழுத்திக்கொண்டு நெல்லின் மேலேயே ஏற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. வண்டியை நிறுத்தி, காய்கிற நெல்லில் பிள்ளையைப் படுக்க வைத்து ரீல்ஸ் எடுத்தவர்களையும் பார்த்தாயிற்று. கேட்டிருந்தால் ஒரு படி நெல்லை அள்ளிக் கையில் கொடுத்தே படம் எடுக்கச் சொல்லியிருப்போம்.

கோயிலுக்குள்ளும் இதே அவசரம்தான். கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரம் கோயில் 2004ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே பலிபீடத்துப் படிக்கற்களைத் தட்டினால் ஸ்வரம் மாதிரி ஓசை வரும் என்பார்கள். வந்தவர் போனவரெல்லாம் கல்லால் தட்டிப் பார்த்ததில் இன்றைக்கு அந்தப் படிகள் கம்பிக் கூண்டுக்குள் இருக்கின்றன. நின்று பார்க்க நேரமில்லாதவர்தான் தட்டிவிட்டுப் போகிறார். கருவறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் அறுபத்துமூவர் கதைகள் ஒரு சாண் அளவுச் சிற்பங்களாக இருக்கின்றன. உட்கார்ந்தால்தான் தெரியும். அதன் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு போன் பார்க்கிறவர்களைத் தினமும் காணலாம்.

ஆற்றில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டூர் ஜூன் 12ல் திறந்தால் சில நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். நேற்று முழங்கால் அளவு இருந்த துறையில் இன்று ஆள் முழுகும். மணல் அள்ளிய பள்ளம் மேலிருந்து தெரியாது. படித்துறையில் துணி துவைக்கிற அம்மாவிடம் "இறங்கலாமா?" என்று ஒரு வாய் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வருகிறவர்களை வராதே என்று சொல்ல நான் எழுதவில்லை. பூக்கடை, விளக்குக்கடை, ஆட்டோ, மெஸ் என்று எத்தனையோ குடும்பங்கள் அவர்களால் பிழைக்கின்றன. அரசுப் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து வார இறுதியில் நவக்கிரகப் பேருந்து ஒன்றை 2024ல் தொடங்கியது. அதுவும் ஒரே நாள் ஓட்டம்தான் என்றாலும், ஒரு பேருந்து பத்துக் காரைச் சாலையிலிருந்து எடுத்துவிடுகிறதே, அது நல்லதுதான். 2028ல் மகாமகம் வேறு வருகிறது. அதற்குள் நடை சாத்துகிற நேரத்தில் உட்கார நிழலும் கழிப்பறையும் குப்பைத்தொட்டியும் ஒவ்வொரு கோயில் வாசலிலும் அமைய வேண்டும். அது அறநிலையத் துறையும் உள்ளாட்சியும் பார்க்க வேண்டிய வேலை.

உங்களிடம் கேட்பது சின்னது. அடுத்த முறை வழி போடும்போது இரண்டு நாளாகப் பிரித்துப் போடுங்கள். முதல் நாள் திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர். மத்தியானம் கும்பகோணத்தில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, புவிசார் குறியீடு வாங்கிய நாச்சியார்கோயில் குத்துவிளக்கு எப்படி வார்க்கிறார்கள் என்று போய்ப் பார்க்கலாம். மறுநாள் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், வெயில் நேரத்துக்குத் தரங்கம்பாடி, 1620ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை இருக்கிறது, சாயங்காலம் திருநள்ளாறு. ராகு காலம் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துப் போட்டால் முதல் நாளை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்வார்கள்.

வேன்காரர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பின்சீட்டுக்கு அடியில் காலி உரச்சாக்கு ஒன்றைப் போட்டு வைக்கட்டும். பாட்டிலைப் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள். டிரைவருக்கு டீச் செலவுக்காவது ஆகும்.

இப்படிக்கு,
சாலையோர வயல்காரர் ஒருவர்,
கும்பகோணம் வட்டம்